பின்னாடி சுழலும் விளக்குகள்... பழைய லென்ஸ்களுக்கு ஏன் திடீர் மவுசு?

அடுத்த முறை விருத்தாசலம் பக்கம் போனால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு பீங்கான் கடைக்குள் நுழைந்து, வெள்ளை டீ கப் ஒன்றை எடுத்து மேஜையில் வையுங்கள். பின்னால் அலமாரி முழுக்க அகல்விளக்கு, யானைப் பொம்மை, ஊறுகாய் ஜாடி எல்லாம் வரிசை கட்டி நிற்கட்டும். மொபைலை எடுத்து, போர்ட்ரெய்ட் மோடு போட்டு ஒரு க்ளிக்.

படம் சூப்பராகத்தான் இருக்கும். இப்போது இரண்டு விரலால் பெரிதாக்கி, கப்பின் கைப்பிடிக்குள் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியைப் பாருங்கள். சுற்றிலும் எல்லாம் மங்கிக் கிடக்க, அந்த ஓட்டைக்குள் தெரியும் அலமாரி மட்டும் பளிச்சென்று இருக்கும். உங்கள் போன் கொஞ்சம் கெட்டிக்கார போனாக இருந்தால் ஓட்டையைச் சரியாக மங்கலாக்கிவிடும். ஆனால், அவசரத்தில் கைப்பிடியின் ஓரத்தையும் சேர்த்துக் கரைத்திருக்கும்.

நான் இதைப் பார்த்தது கார்த்திகைக்கு முந்தைய வாரம். அதே மேஜை, அதே கப். செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ் கேமரா ஒன்றில் ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸை மாட்டி இன்னொரு படம் எடுத்தேன். கப்புக்குப் பின்னால் கிளேஸ் போட்ட ஒவ்வொரு அகல்விளக்கின் விளிம்பிலும் மின்னிய ஒளிப்புள்ளி, ஒரு சின்ன வட்டத் தட்டாக விரிந்திருந்தது. ஓரத்துக்குப் போகப் போக அந்த வட்டங்கள் ஒடுங்கி பாதாம் பருப்பு மாதிரி ஆகி, கப்பைச் சுற்றி வரிசையாகச் சுழல்வதுபோல நின்றன. கைப்பிடி ஓட்டைக்குள்ளும் அதே மங்கல்.

ஸ்கிரீனை எட்டிப் பார்த்த கடைக்கார அக்கா சொன்னார்: "என்ன தம்பி இது, திருவிழால சாமிக்குப் பின்னாடி சீரியல் லைட் சுத்துமே, அந்தச் சக்கரம் மாதிரி இருக்கு!"

இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சக்கரத்துக்காகத்தான் உலகம் முழுக்க ஆட்கள் பழைய லென்ஸ்களைத் தேடி அலைகிறார்கள். கிடைக்காதவர்களுக்காக, நிறுவனங்கள் அந்தப் பழைய லென்ஸ்களையே புதிதாகச் செய்து விற்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சுழல் ஒரு குறைபாடு. லென்ஸ் செய்தவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒழிக்கப் போராடிய குறைபாடு.

போன் ஏன் ஏமாற்ற வேண்டியிருக்கிறது?

பின்னணி மங்குவதற்கு முக்கியக் காரணம், லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாசலின் அகலம். உங்கள் போனின் மெயின் கேமராவில் அந்த வாசல் சுமார் 4 மில்லிமீட்டர்தான். ஒரு உளுந்து அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்த ஹீலியோஸ், 58 எம்.எம் எஃப்/2 லென்ஸ். 58-ஐ 2-ஆல் வகுத்தால் 29 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. உளுந்து அளவு ஓட்டைக்கும் பத்து ரூபாய் நாணயத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தக் குறையைத்தான் போன் கணக்குப் போட்டுச் சரிக்கட்டுகிறது. 2016-ல் வந்த ஐபோன் 7 ப்ளஸ், இரண்டு கேமராக்களின் பார்வையை ஒப்பிட்டு எது பக்கம், எது தூரம் என்று ஊகித்தது. நம் இரண்டு கண்களும் செய்கிற அதே வேலை. அடுத்த வருஷம் வந்த கூகுளின் பிக்ஸல் 2, ஒரே கேமராவில் ஒவ்வொரு பிக்ஸலையும் இரண்டாகப் பிரித்து அதையே செய்தது. தூரத்துக்கு ஒரு வரைபடம் தயாரானதும், 'இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் மங்கலாகட்டும்' என்று சாஃப்ட்வேர் தடவிவிடுகிறது.

ஆளின் முகம் என்றால் பிரச்னை இல்லை. முகத்தை அடையாளம் காண சாஃப்ட்வேருக்கு ஏகப்பட்ட பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வழவழப்பான வெள்ளைப் பீங்கானிடம் அது திணறும். இரண்டு பார்வைகளை ஒப்பிட வேண்டுமென்றால் மேற்பரப்பில் புள்ளியோ கோடோ கீறலோ, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். வெள்ளைக் கப்பில் அப்படி எதுவும் கிடையாது. மின்னுகிற ஒளிப்புள்ளியோ, நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. தலைமுடி, கண்ணாடி டம்ளர், மல்லிகைச்சரம் எல்லாமே இந்த வகையில் போனுக்கு எதிரிகள்தான்.

லென்ஸுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதற்குக் கப் என்றால் என்ன, கைப்பிடி என்றால் என்ன என்றே தெரியாது. ஃபோகஸ் ஆன தூரத்திலிருந்து வரும் வெளிச்சத்தைப் புள்ளியாகச் சேர்க்கும். வேறு தூரத்திலிருந்து வருவதைச் சேர்க்க முடியாமல் வட்டமாகச் சிந்திவிடும். சிந்திய வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைத்தான் நாம் மங்கல் என்கிறோம்.

இந்த மங்கலின் தரத்துக்கு ஜப்பானியர்கள் வைத்த பேர்தான் 'போகே'. ஆங்கிலத்தில் இப்போது எழுதும் எழுத்துக்கூட்டல் 1997-ல் ஒரு அமெரிக்க போட்டோகிராஃபி பத்திரிகையின் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் வைத்தது. மக்கள் தப்பாக வாசித்துவிடக் கூடாது என்று கடைசியில் ஒரு எழுத்தைக் கூட்டினார். அப்படியும் ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்கிறார்கள். தமிழில் நமக்கு அந்தக் கவலையே இல்லை.

சுழலும் வட்டம், சோப்புக் குமிழி

எல்லா மங்கலும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே விஷயம். வீட்டில் பிளம்பிங் வேலை முடிந்து மிஞ்சிய பி.வி.சி பைப் துண்டு கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு எதிரே நேராகப் பிடித்து அதன் வழியாகப் பார்த்தால் வட்டம் தெரியும். மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். முன்பக்க விளிம்பு ஒரு பக்கத்தையும், பின்பக்க விளிம்பு மறுபக்கத்தையும் வெட்ட, வட்டம் ஒடுங்கி பாதாம் வடிவத்துக்கு வந்துவிடும். லென்ஸும் ஒரு குழாய்தான். நடுவில் இருக்கும் பொருளின் வெளிச்சம் நேராக நுழைகிறது, ஓரத்தில் இருப்பதன் வெளிச்சம் சாய்வாக நுழைகிறது. அதனால் படத்தின் ஓரத்து வட்டங்கள் எல்லாம் பாதாம்கள். எல்லாப் பாதாம்களும் நடுவைச் சுற்றி வளைய நிற்பதால்தான் நமக்குச் சுழல்வதுபோலத் தோன்றுகிறது. இதோடு, ஃபோகஸ் ஆகும் பரப்பு தட்டையாக இல்லாமல் கிண்ணம் மாதிரி வளைந்திருப்பது போன்ற வேறு சில குறைகளும் சேர்ந்தால் சுழல் இன்னும் பலமாகும்.

இன்னொரு வகை, சோப்புக் குமிழி. வட்டத்தின் உள்பகுதி லேசாகவும் விளிம்பு மட்டும் பிரகாசமாகவும் இருக்கும். லென்ஸின் ஓரம் வழியாக வரும் கதிர்களும் நடுவழியாக வரும் கதிர்களும் ஒரே இடத்தில் சேராததால் வருவது இது. கோளப் பிறழ்ச்சி என்று பிளஸ் டூவில் படித்திருப்பீர்கள். ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரத்து மேயர் ஆப்டிக் நிறுவனம் செய்த ட்ரையோப்ளான் 100 எம்.எம் லென்ஸ் இதற்குப் பேர் போனது. உள்ளே மூன்றே மூன்று கண்ணாடிகள். மழை விட்ட பிறகு புல்லை அதில் எடுத்தால், பின்னால் உள்ள ஒவ்வொரு நீர்த்துளியும் குமிழியாகப் பறக்கும்.

ஒரு கணக்கு வாத்தியாரும் பீரங்கிப் படையும்

சுழலின் கதை 1840-ல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தக் கேமராவுக்கு ஷெவாலியே செய்த லென்ஸ் ரொம்ப மந்தம். வெயிலில் உட்கார்ந்தாலும் நிமிஷக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். கட்டடத்தைப் படம் எடுக்கலாம், மனுஷனை எடுக்க முடியாது.

வியன்னா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் இந்தச் சிக்கலைக் காகிதத்தில் தீர்த்தார். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து லென்ஸ் செய்துகொண்டிருந்த காலத்தில், முதலில் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் கண்ணாடியைத் தொட்டவர் அவர். கணக்கோ மலை மாதிரி இருந்தது. கால்குலேட்டர் கிடையாது. ஆஸ்திரிய இளவரசர் லுட்விக், பீரங்கிப் படையிலிருந்து கணக்கில் கெட்டிக்காரர்களை அனுப்பி உதவினார். குண்டு எங்கே விழும் என்று கணக்குப் பார்த்தவர்கள், வெளிச்சம் எங்கே விழும் என்று பார்த்தார்கள். பழைய லென்ஸைவிடச் சுமார் 20 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் பிறந்தது. மனித முகங்களைப் படம் எடுக்கும் தொழிலே அதன் பிறகுதான் ஓடத் தொடங்கியது.

அவ்வளவு வெளிச்சத்துக்கு ஒரு விலையும் இருந்தது. நடுவில் கத்தி மாதிரி ஷார்ப். ஓரம் வளைந்து குழைந்து சுழலும். முகம் நடுவில்தானே இருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் அதைப் பித்தளைக் குழாயில் அடைத்து உலகம் முழுக்க விற்றது. பெட்ஸ்வாலுக்குக் கிடைத்தது ஒரே ஒருமுறை கொடுத்த தொகை மட்டும். இருவருக்கும் சண்டை வந்ததில் ஆச்சர்யம் என்ன இருக்கிறது?

1890-களில் தட்டையான ஃபோகஸ் தரும் புது லென்ஸ்கள் வந்தன. ஓரமும் நடுவும் ஒரே மாதிரி தெளிவு. சுழல் 'பழைய காலத்துக் கோளாறு' ஆனது.

இதற்குள் போட்டோகிராஃபி சென்னைக்கும் வந்துவிட்டது. 1850-ல் மெட்ராஸில் கலைப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர்தான், 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி உருவாகவும் முன்னின்றார். அவருடைய பள்ளியில் மண்பாண்டக் கலையும் ஒரு பாடம்; உள்ளூர்க் களிமண்ணை வைத்துப் பரிசோதனைகள் நடந்தன. களிமண்ணும் கேமராவும் நம்ம ஊரில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.

களிமண் இல்லாமல் லென்ஸ் இல்லை

ரொம்பப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விருத்தாசலம் எப்படிப் பீங்கான் ஊர் ஆனது என்று கேட்டால், பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணைக் காட்டுவார்கள். அதை நம்பித்தான் தொழிற்பேட்டையும், செராமிக் படிப்பு சொல்லித்தரும் அரசு நிறுவனமும், சூளைகளும். லென்ஸும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். அதை உருக்கக் காலங்காலமாகப் பயன்பட்டது, நெருப்புக்குத் தாங்கும் களிமண்ணில் செய்த பானை.

லென்ஸுக்கான கண்ணாடி சாதாரண ஜன்னல் கண்ணாடி இல்லை. உள்ளே ஒரு குமிழியோ, பாகு மாதிரி ஒரு இழையோ இருந்தால் படம் கெட்டுவிடும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் லூயி கினான், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். உருகிய கண்ணாடியைச் சுட்ட களிமண் துடுப்பால் விடாமல் கிண்டுவது! அல்வா கிண்டுகிற மாதிரியேதான். மரத் துடுப்பு எரிந்துவிடும், இரும்பு கண்ணாடியின் நிறத்தைக் கெடுத்துவிடும். களிமண்தான் தாங்கியது. ஆறியதும் பானையை உடைத்து, நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். பெட்ஸ்வாலின் கணக்கு பலித்தது இப்படிக் கிண்டிய கண்ணாடியில்தான்.

இந்தியாவிலும் இந்தக் கதை உண்டு. கொல்கத்தாவில் 1950-ல் திறக்கப்பட்ட தேசிய ஆய்வு நிறுவனத்தின் பெயரே மத்திய கண்ணாடி மற்றும் செராமிக் ஆராய்ச்சி நிலையம். வெளிநாடுகள் தொழில்நுட்பத்தைத் தர யோசித்த காலத்தில், அங்கே இயக்குநராக இருந்த வேதியியலாளர் ஆத்மா ராமின் தலைமையில் ஆப்டிகல் கண்ணாடியை இங்கேயே உருக்கும் முறையை உருவாக்கினார்கள். அவருக்கு 1959-ல் பட்நாகர் விருதும் கிடைத்தது.

அன்றைக்குக் கடையில் அந்த அக்கா ஒரு கிண்ணத்தைத் தனியே எடுத்துக் காட்டினார். கிளேஸ் முழுக்க மயிரிழை விரிசல், சிலந்தி வலை மாதிரி. சூளையிலிருந்து வந்து ஆறும்போது உள்ளே இருக்கும் மண் ஒரு அளவில் சுருங்குகிறது, மேலே இருக்கும் கிளேஸ் இன்னொரு அளவில் சுருங்குகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இப்படி விரியும். "இது ரிஜெக்ட் தம்பி, வியாபாரத்துக்கு ஆகாது" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். குடிக்கிற கப்பில் விரிசல் இருந்தால் கறை இறங்கும். ஆனால் சீனாவில் சோங் அரச காலத்திலேயே இதே விரிசலை வேண்டுமென்றே வரவழைத்துப் பூஜாடி செய்திருக்கிறார்கள். இன்றும் அது மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அக்கா பாதி விலைதான் வாங்கினார், அதுவும் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே.

மறுபிறவி எடுத்த பித்தளை

லென்ஸ் விஷயத்தில் அந்த 'ஒரு மாதிரி' பார்வை மாறியது 2013-ல். லோமோகிராஃபி என்ற நிறுவனம், பெட்ஸ்வால் லென்ஸை இன்றைய கேமராக்களுக்குப் பொருந்தும்படி மீண்டும் செய்யப்போகிறோம் என்று கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டது. ஒரு லட்சம் டாலர் கிடைத்தால் போதும் என்று கேட்டவர்களுக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. ரஷ்யாவின் ஸெனிட் தொழிற்சாலையில் பளபளக்கும் பித்தளை உடம்போடு செய்தார்கள். அப்பெர்ச்சரை மாற்ற வேண்டுமென்றால், பழைய காலம் மாதிரியே ஓட்டை போட்ட தகடு ஒன்றை மேலே சொருக வேண்டும். 2016-ல் அதே நிறுவனம் ஷெவாலியேவின் அந்த மந்தமான 1839 லென்ஸையும் விட்டுவைக்கவில்லை.

அதன் பிறகு வரிசைதான். லைக்கா, 1935-ல் செய்த தம்பார் என்ற சாஃப்ட்டான போர்ட்ரெய்ட் லென்ஸை 2017-ல் மறுபடி கொண்டுவந்தது. விலையைப் பற்றி நாம் பேச வேண்டாம், மனசு கஷ்டப்படும். சோப்புக் குமிழி ட்ரையோப்ளானும் மறுபிறவி எடுத்தது. ஆனால் அந்தக் கதை முதல் தடவை கசப்பில் முடிந்தது. பிராண்ட் பெயரை வாங்கியிருந்த நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் வரிசையாகப் பணம் திரட்டி, 2018-ல் திவாலானது. முன்பணம் கட்டியவர்களில் பலருக்கு லென்ஸ் வரவே இல்லை. வேறொரு ஜெர்மன் நிறுவனம் பெயரை வாங்கித் திரும்பவும் செய்யத் தொடங்கியது. இதற்கிடையே சீனாவின் டி.டி.ஆர்டிசன், குமிழி வரும் 100 எம்.எம் லென்ஸை மிகக் குறைந்த விலையில் இறக்கிவிட்டது. பழைய பெயர்மீது மோகம் வந்து கூட்டத்தோடு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கதையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவும் சும்மா இல்லை. 'டூன்: பார்ட் டூ' படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் ஃப்ரேசர், சோவியத் காலத்து லென்ஸ் கண்ணாடிகளைப் புது உடம்பில் பொருத்திப் பயன்படுத்தினார். டிஜிட்டல் கேமரா எல்லாவற்றையும் அளவுக்கு மீறி சுத்தமாகக் காட்டுகிறது, அதைக் கொஞ்சம் அழுக்காக்கப் பழைய கண்ணாடி உதவுகிறது என்பது இன்று ஒளிப்பதிவாளர்கள் பலரும் சொல்லும் காரணம்.

கடைசியில் சுழல் போனுக்குள்ளேயும் வந்தாச்சு. விவோ, ஸைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2021-ல் எக்ஸ்60 வரிசையில் 'பயோட்டார்' என்ற போர்ட்ரெய்ட் ஸ்டைலைக் கொடுத்தது. பயோட்டார் என்பது ஸைஸ் போருக்கு முன் செய்த 58 எம்.எம் லென்ஸ். போருக்குப் பின் சோவியத் தொழிற்சாலைகள் அதே வடிவமைப்பை எடுத்துத்தான் ஹீலியோஸ் 44 ஆக்கி லட்சக்கணக்கில் செய்து தள்ளின. ஆக, என் கேமராவில் இருந்த லென்ஸும் அந்தப் போனில் இருக்கும் ஸ்டைலும் தூரத்துச் சொந்தம். போனில் வரும் சுழல் நன்றாகவே இருக்கிறது. ரீல்ஸ் ஸ்க்ரோல் பண்ணுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. ஆனால் முதல் படியே தூரத்தை ஊகிப்பதுதான் என்பதால், கப்பின் கைப்பிடி அங்கேயும் தகராறு செய்யும்.

வாங்கணும்னு ஆசை வந்துடுச்சா?

புதிதாகச் செய்த பித்தளை லென்ஸை வாங்குவதைவிட ஒரு பழைய ஹீலியோஸில் தொடங்குவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. லட்சக்கணக்கில் செய்ததால் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. அதில் இருப்பது எம்42 என்ற திருகு மவுன்ட். மிரர்லெஸ் கேமரா எதுவானாலும் ஒரு அடாப்டர் போட்டால் பொருந்தும். வீட்டில் அண்ணனின் பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர் இருந்தாலும் ஓகே. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர் என்றால் வெறும் அடாப்டரில் தூரத்துப் பொருள்கள் ஃபோகஸ் ஆகாது. எதில் போட்டாலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது, கையால் திருப்பித்தான் ஆக வேண்டும்.

யூடியூபில் பலர் சொல்லாத விஷயம் ஒன்று. சுழல் இருப்பது படத்தின் ஓரத்தில். சின்ன சென்சார் கேமராக்கள் ஓரத்தை வெட்டிவிட்டு நடுவை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஃபுல் ஃப்ரேமில் வருகிற சக்கரத்தில் கொஞ்சம்தான் உங்களுக்கு வரும். 'நான் வாங்கினது டூப்ளிகேட்டோ' என்று பதற வேண்டாம்.

அப்பெர்ச்சரை முழுசாகத் திறந்து எஃப்/2-ல் வையுங்கள். ஆளை நடுவில், ஒன்றரை மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள். பின்னால் சில மீட்டர் தள்ளி, வெளிச்சம் பொடிப்பொடியாக இருக்க வேண்டும். வெறும் சுவருக்கு முன்னால் எந்த லென்ஸும் சுழலாது. புளியமர இலை இடுக்கு, ஜங்ஷனில் இரவு நேர விளக்குகள், கார்த்திகை அன்று தெரு முழுக்க அகல், கிளேஸ் போட்ட பொம்மை அடுக்கிய கொலுப்படி எல்லாம் பிரமாதமாக வரும். மண் அகலைவிடப் பீங்கான் அகல் ஏன் நன்றாக வருகிறது தெரியுமா? கிளேஸ் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடியாக வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. விளக்கு ஏற்றாமலேயே போகே தயார்.

பழைய லென்ஸை வாங்கும்முன் ஒரு டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய வேர் மாதிரி, பஞ்சு மாதிரி ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடலூர் மாவட்டத்தின் ஐப்பசி, கார்த்திகை ஈரம் அதற்கு விருந்து. சுத்தமான லென்ஸாகவே வாங்கினாலும், காற்று புகாத டிபனில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் உங்கள் லென்ஸும் அப்படி ஆகிவிடும். கேமராவோடு வந்த லெதர் உறையில் மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைப்பதில் அதை அடிச்சுக்க ஆளில்லை.

வாங்குவதற்கு முன்னால், வீட்டுப் பரணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி தேக்குமரக் கேமராக்கள் ஒரு காலத்தில் நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் நின்றவை. ஆக்ஃபா க்ளிக் 3, எத்தனையோ குடும்பங்களின் முதல் கேமரா. அதற்குள் இருப்பது ஒற்றைக் கண்ணாடி, ஓரம் குழைவதற்குக் கேட்கவே வேண்டாம். பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டல் ஆக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியின் நிதியோடு செய்திருக்கிறது. படங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்தது. அவற்றை எடுத்த லென்ஸ்களுக்கு அப்படி யாரும் இல்லை. பூட்டிய ஸ்டூடியோவைக் காலி செய்யும்போது, பித்தளை என்று பழைய பாத்திரக் கடைக்காரர் எடை போட்டால் அத்தோடு முடிந்தது. உங்கள் தாத்தாவோ மாமாவோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

காசே செலவு இல்லாமல்...

கேமராவே இல்லையா? ஸ்டேஷனரி கடையில் ஒரு பெரிய பூதக்கண்ணாடி வாங்குங்கள். அதைச் சுவருக்கு எதிரே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஒரு தூரத்தில் எதிர் ஜன்னல் சுவரில் தலைகீழாகத் தெளிவாக விழும். அந்தத் தூரம்தான் உங்கள் பெட்டியின் நீளம். செருப்பு டப்பாவின் ஒரு முனையில் பூதக்கண்ணாடியைப் பொருத்துங்கள். அதற்குள் வழுக்கிப் போகும்படி இன்னொரு சின்ன டப்பா. அதன் முன்முகத்தில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டுங்கள், பின்பக்கம் திறந்திருக்கட்டும். தலையோடு சேர்த்துக் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு, சின்ன டப்பாவை நகர்த்தினால் பட்டர் பேப்பரில் படம் தெளியும். தலைகீழ்தான், பரவாயில்லை. அதைப் போனில் எடுத்து 180 டிகிரி திருப்பிக்கொள்ளுங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், மங்கலைக் கண்ணாடியே பார்த்துக்கொள்ளும். பெட்டியைச் சூரியனுக்கு நேராக மட்டும் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள், பேப்பர் பற்றிக்கொள்ளும்.

படம் ரொம்பக் குழைந்தால், கறுப்பு சார்ட்டில் மூன்று சென்டிமீட்டர் ஓட்டை போட்டுப் பூதக்கண்ணாடிக்கு முன்னால் ஒட்டுங்கள். பிறகு அந்த ஓட்டையை வட்டமாக இல்லாமல், அகல்சுடர் வடிவத்தில் வெட்டிப் பாருங்கள். மேஜையில் கப், அதற்குப் பின்னால் தூரத்தில் வரிசையாக ஏற்றிய விளக்குகள், கப்புக்கு முன்னால் லென்ஸுக்குக் கிட்டத்தில் ஒரே ஒரு விளக்கு. கப்பில் ஃபோகஸ் செய்யுங்கள். திருப்பிய படத்தில் பின்னால் இருக்கும் விளக்குகள் எல்லாம் நிமிர்ந்த சுடர்களாக விரிந்து நிற்கும். முன்னால் இருக்கும் அந்த ஒற்றை விளக்கின் சுடர் மட்டும் தலைகீழாகத் தொங்கும்.